‘தொழில்: ஓய்வு’ – மறதி நோயாளியின் வரலாறு எழுதுபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் மெமரி கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி உளவியலாளர் ஒரு கேஸ் ஷீட்டை நீட்டினார். பெண், வயது 72. தொழில்: இல்லை. பரம்பரை: அம்மாவுக்கு மறதி இருந்தது. பரிசோதனை மதிப்பெண் குறைவு. அவ்வளவுதான். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் எழுதினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கண்ணாடி போடாமல் பரிசோதிப்பது, வயதைத் தப்பாகக் குறிப்பது போன்றவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்றைய வாழ்க்கையை மட்டும் கேட்பது

குமாரபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார்கள். தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வு’ என்று எழுதினேன். மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒன்றைத்தான் சொன்னார். இன்றைய தேதி கேட்டேன், வேறெதையோ சொன்னார். மதிப்பெண்ணைக் கூட்டி டாக்டரிடம் கொடுத்தேன். டிமென்ஷியா, அதாவது மறதி நோய்க்கான மாத்திரை ஆரம்பித்தார்கள்.

எட்டு மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காக வந்தபோது அவர் மனைவி சொன்னார்: “கொஞ்சம் சத்தமாக் கேளுங்க மேடம். தறிச் சத்தத்துல அவருக்குக் காது போயிருச்சுங்க.” பன்னிரண்டு வயதிலிருந்து நாற்பது வருடத்துக்கு மேல் விசைத்தறி. 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபலைத் தாண்டினாலே காதுக்கு ஆபத்து என்பார்கள். விசைத்தறிக் கூடம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். காது மெஷின் பொருத்தி அதே கேள்விகளைக் கேட்டோம். மூன்று சொல்லையும் சொன்னார். தேதியையும் சரியாகச் சொன்னார்.

மாத்திரையை நிறுத்திவிட்டோம். ஆனால் அந்த எட்டு மாதத்தில், அவர் கையில் இருந்த சீட்டுக் கணக்கு நோட்டை மகன் வாங்கி வைத்துக்கொண்டார். “அப்பாவுக்கு நினைவு இல்லை” என்று அக்கம்பக்கமும் தெரிந்துகொண்டது. நோட்டு அவர் கைக்குத் திரும்பவே இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏனென்றால், “என்ன வேலை பார்த்தீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

இதோடு முடியவில்லை. காது மந்தம் டிமென்ஷியா போலத் தோற்றம் தருவது மட்டுமல்ல, டிமென்ஷியா வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட, டிமென்ஷியா வாய்ப்பைக் கூட்டும், மாற்றக்கூடிய 14 காரணிகளின் பட்டியலில், நடுவயதில் காது கேட்கும் திறன் குறைவதும் கெட்ட கொழுப்பு அதிகமாக இருப்பதும்தான் முதலிடத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் நீக்கினால் 7 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கலாம் என்பது கணக்கு. ‘நடுவயதில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் அமிலாய்டு புரதம் மூளையில் படிவது, மறதி தெரிவதற்கு 15, 20 வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ரத்த அழுத்தமும் உடல் எடையும் நோய் வெளிப்படுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே குறைய ஆரம்பிக்கும். அதனால் 75 வயதில் பி.பி. 120 என்று பார்த்துவிட்டு ‘அழுத்தம் இல்லை’ என்று எழுதினால், அந்த வரி பொய். 45 வயதில் எவ்வளவு இருந்தது, மாத்திரை சாப்பிட்டாரா, எப்போது நிறுத்தினார் என்று கேளுங்கள்.

இன்னும் பின்னால் போக வேண்டும். ஸ்காட்லாந்தில் 1932 ஜூன் 1-ஆம் தேதி, பள்ளியில் இருந்த 11 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்தார்கள். அந்த ஏடுகள் பிழைத்திருந்ததால், அவர்களில் பலரை 80 வயதை ஒட்டி மறுபடியும் சோதிக்க முடிந்தது. சிறுவயதில் முன்னால் இருந்தவர்களே பெரும்பாலும் முதுமையிலும் முன்னால் இருந்தார்கள். மதிப்பெண் குறைவாக இருப்பது வேறு, குறைந்துபோவது வேறு. நம்மிடம் அப்படி ஏடு கிடையாது. எத்தனாவது வரை படித்தார், யார் நிறுத்தினார்கள், முன்பு என்னென்ன கணக்கைத் தனியாகப் பார்த்தார் என்று வீட்டாரிடம் கேட்பதுதான் நமக்கு இருக்கும் ஏடு.

குடும்பத்தில் இருந்தால் மரபணு என்று முடிவுகட்டுவது

அம்மாவும் மகளும் மரபணுவை மட்டுமா பகிர்ந்துகொள்கிறார்கள்? ஒரே அடுப்படி, ஒரே புகை, பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற ஒரே பேச்சு.

அல்சைமரோடு தொடர்புள்ள ஏ.பி.ஓ.ஈ. (APOE) என்ற மரபணுவின் நான்காம் வகை ஒரு பிரதி இருந்தால் அல்சைமர் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டு இருந்தால் இன்னும் பல மடங்கு. ஆனாலும் அது தீர்ப்பு அல்ல. அது இருந்தும் நினைவோடு வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு, அது இல்லாமல் நோய் வந்தவர்கள் ஏராளம். கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் ஒரு பெரிய குடும்ப வழியில் ஓடும் மரபணுப் பிழை, நாற்பதுகளிலேயே மறதியைக் கொண்டுவந்துவிடும். அதைச் சுமந்த ஒரு பெண்ணுக்கு எழுபதுகள் வரை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவரிடம் கிறைஸ்ட்சர்ச் என்ற வேறொரு அரிய மரபணு மாற்றம் இரண்டு பிரதியாக இருந்தது என்ற ஆய்வு 2019-ல் வெளியானது. அவ்வளவு வலுவான பிழைக்கே இந்த நிலை என்றால், ‘அம்மாவுக்கு இருந்தது’ என்ற ஒரு வரியை வைத்து மகளிடம் என்ன சொல்லிவிட முடியும்?

45 சதவீதத்தை ஒருவரிடம் சொல்வது

14 காரணிகளும் நீங்கினால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது மக்கள்தொகைக் கணக்கு. எதிரே அழுதுகொண்டிருக்கும் மகனுடைய அப்பாவின் கணக்கு அல்ல.

பள்ளிக்கூடம் போகாதவரை, நினைவுப் பரிசோதனைக்காக ஐங்கோணம் வரையச் சொல்வது

வேண்டாம். பேனா பிடித்தே பழகாத கை அது.

மொழியைக் கேட்காமல் விடுவது

ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் தள்ளி வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. ‘தாய்மொழி’ என்ற ஒற்றைக் கட்டத்தோடு நிறுத்தாதீர்கள்.

சரி, அந்த 72 வயது அம்மாவின் கேஸ் ஷீட். அதைப் பயிற்சியாளரிடமே திருப்பிக் கொடுத்து, “எந்த அடுப்பில் சமைத்தாங்கன்னு கேளுங்க” என்றேன். காற்று மாசும் அந்த 14-ல் ஒன்று. விறகுப் புகையிலும் அதே நுண்துகள்தான் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து வந்தார். ஐந்தாம் வகுப்பு. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். பதினெட்டு வயதிலிருந்து விறகடுப்பு, ஜன்னல் இல்லாத அடுப்படி, கேஸ் வந்தது ஐம்பத்தைந்துக்கு அப்புறம். நாற்பத்தாறில் பி.பி. மாத்திரை, இரண்டு வருடத்தில் தானே நிறுத்திவிட்டார். ‘தொழில்: இல்லை’ என்பதை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: பதினான்கு பேருக்குச் சமையல், முப்பத்தேழு வருடம்.