மைனஸும் மைனஸும் எப்போது பிளஸ்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரங்களில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். −3 − 5 எவ்வளவு என்று கேட்டால் பலர் தயங்காமல் 8 என்கிறார்கள். எப்படி என்றால், "மைனஸும் மைனஸும் பிளஸ்தானே அக்கா?" விடை −8. மூன்று ரூபாய் கடன்காரர் மேலும் ஐந்து ரூபாய் கடன் வாங்கினால் எட்டு ரூபாய் கடன்தானே?

அந்த விதி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது. (−3) × (−5) = 15, (−12) ÷ (−4) = 3. கூட்டலில் அதற்கு இடமில்லை. 7 − (−5) என்று இரண்டு குறிகள் ஒட்டி நின்றால் 7 + 5 ஆகிறதே என்பார்கள். ஆகும், அங்கே −5ஐ −1ஆல் பெருக்குகிறோம்.

சரி, ஏன் பிளஸ் வருகிறது? 628ஆம் ஆண்டிலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் செல்வம் என்றும் அழைத்து இந்த விதியை எழுதிவிட்டார். ஆனால் கடனைக் கடனால் பெருக்குவது என்றால் பிள்ளைகளுக்கு எதுவும் பிடிபடாது. நான் கெடிலம் ஆற்றுக்குக் கூட்டிப்போவேன். மழை விட்டபின் ஆற்றில் தண்ணீர் நாளுக்கு 3 செ.மீ. இறங்குகிறது என்று வையுங்கள்; அது −3. இரண்டு நாள் கழித்து, (−3) × 2 = −6, இன்றைவிட 6 செ.மீ. கீழே. இரண்டு நாளுக்கு முன்பு? நாள் −2. அன்று தண்ணீர் இன்றைவிட 6 செ.மீ. மேலே இருந்திருக்கும். ஆக (−3) × (−2) = +6. இதைப் படம் போட்டுக் காட்டியபின் மனப்பாடம் தேவைப்படுவதே இல்லை.

இயற்கணிதத்தில் அதிக மதிப்பெண்ணைத் தின்பது அடைப்புக்குறிதான். −2(அ − 4) என்பதை −2அ − 8 என்று விரிக்கிறார்கள். முதல் உறுப்போடு மைனஸின் வேலை முடிந்ததாக நினைப்பு. அது −4ஐயும் பெருக்க வேண்டும்: −2அ + 8. அதேபோல (−3)² என்றால் 9. −3² என்றால் −9, ஏனென்றால் அடுக்கு 3க்கு மட்டுமே. 8 × (−3)ஐ அடைப்புக்குறி இல்லாமல் அவசரமாக எழுதி, 8 − 3 என்று படித்து 5 போட்டவர்களும் உண்டு.

மூன்று, நான்கு எண்களைப் பெருக்கும்போது குறை எண்களை எண்ணிவிடுங்கள். ஒற்றைப்படை என்றால் விடை மைனஸ்; (−1)(−2)(−3) = −6. இரட்டைப்படை என்றால் பிளஸ். நடுவில் பூச்சியம் இருந்தால் விடை பூச்சியம்தான்.

வகுத்தலில் குறி சந்தேகம் வந்தால் திருப்பிப் பெருக்கிப் பாருங்கள். (−12) ÷ 4 = 3 என்று எழுதிவிட்டீர்களா? 4 × 3 = 12. கணக்கில் இருந்ததோ −12.