பந்துக்குக் கால் முளைத்தால்: குறைந்த செலவில் எடுத்த அறிவியல் நகைச்சுவைப் படங்களைப் பார்ப்பது எப்படி?

1974ஆம் ஆண்டு வெளியான ‘டார்க் ஸ்டார்’ என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு வேற்றுக்கிரக உயிரி வருகிறது. கடற்கரையில் பிள்ளைகள் உருட்டி விளையாடும் காற்றடைத்த பந்துதான் அது. அடியில் ரப்பர்க் கால்கள் இரண்டை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். விண்கலத்தில் அதற்குத் தீனி வைக்கும் வேலை பின்பேக் என்பவருடையது. உயிரி தப்பி ஓடுகிறது, அவர் துரத்துகிறார், அது அவரை லிஃப்ட் குழிக்குள் தொங்கவிட்டுப் படாத பாடு படுத்துகிறது. கடைசியில் பொறுமை இழந்து மயக்க ஊசித் துப்பாக்கியால் சுடுகிறார். ஊசி பட்டதும் அந்த உயிரி, வாய் கட்டாத பலூனைப் போலப் ‘புஸ்’ என்று காற்றை விட்டபடி அறை முழுவதும் பறந்து, சுருங்கித் தரையில் விழுகிறது.

முதன்முறை பார்த்தபோது, பந்தைக் காட்டி நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்களே என்றுதான் சிரித்தேன். அது இறக்கும் விதத்தைக் கண்ட பிறகே விஷயம் உறைத்தது. அவர்கள் பந்தை எங்கேயும் ஒளிக்கவில்லை. பந்து பந்தாகவே வாழ்ந்து பந்தாகவே சாகிறது. அதைச் சுற்றியுள்ள மனிதர்கள் மட்டும் அதை உயிரியாக நினைத்துத் திண்டாடுகிறார்கள். இந்த வகைப் படங்களை ரசிக்க விரும்புபவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இதைத்தான்: பணம் இல்லாத இடத்தில் படம் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். அந்த இடத்தை மூடி மறைக்கிறதா, அல்லது அங்கேயே பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறதா?

எந்தச் சிரிப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மலிவான அறிவியல் படங்களைப் பார்த்து எழும் சிரிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, படம் எடுத்தவர் மிகுந்த கவனத்தோடு எடுத்து, தன்னை அறியாமல் சிரிப்பு மூட்டுவது. 1950களில் எட் வுட் எடுத்த ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ இதற்குப் பேர்போனது. அதில் நடித்த பேலா லுகோசி படம் முழுமையாவதற்கு முன்பே இறந்துவிட, அவருக்குப் பதிலாக வேறொருவர் மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு மீதிக் காட்சிகளில் வந்துபோகிறார். இதில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு நாம் மேலே நின்று கீழே பார்த்துச் சிரிப்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அது தாங்குவதில்லை என்பது என் அனுபவம்.

இன்னொன்று, தன் கையில் என்ன இல்லை என்று தெரிந்தே எடுத்தவர் வேண்டுமென்றே மூட்டும் சிரிப்பு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. ஒரு படம் எந்த வகை என்று முதல் பத்து நிமிடங்களில் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மட்டமான ஒரு பொருள் திரையில் வரும்போது கேமரா அதை அவசரமாகக் கடந்து போகிறதா, நின்று பார்க்கிறதா என்று கவனியுங்கள். நின்று பார்த்தால் தைரியமாகத் தொடரலாம்.

பெரிய கருவி, சின்னக் காரியம்

அடுத்துச் செய்ய வேண்டியது, படத்தின் அறிவியல் கற்பனை என்ன காரியத்துக்குப் பயன்படுகிறது என்று பார்ப்பது. பெருஞ்செலவுப் படங்களில் காலப்பயணம் என்றால் உலகத்தைக் காப்பாற்ற வேண்டும். செலவு செய்ய முடியாதவரால் உலக அழிவைக் காட்ட முடியாது; ஆகவே அவர் அந்த மாபெரும் கருவியை ஓர் அறைக்குள் கொண்டுவந்து, அந்த அறையின் அற்பப் பிரச்சினையைத் தீர்க்கச் சொல்கிறார். கருவிக்கும் காரியத்துக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வுதான் நகைச்சுவை.

2005இல் வந்த ஜப்பானியப் படம் ‘சம்மர் டைம் மெஷின் ப்ளூஸ்’. கோடையில் கல்லூரி மாணவர்களின் அறையில் ஏசி ரிமோட் பழுதாகிறது. காலஇயந்திரம் ஒன்று அவர்கள் கைக்கு வருகிறது. அதை வைத்து அவர்கள் செய்ய நினைப்பது, முந்தைய நாளுக்குப் போய் பழுதாகாத ரிமோட்டை எடுத்து வருவது. ‘டார்க் ஸ்டார்’ படத்தின் விண்வெளி வீரர்களுக்கோ, கோள்களைக் குண்டு வைத்துத் தகர்ப்பதைக் காட்டிலும், கலத்தில் இருந்த கழிப்பறைத் தாள் அனைத்தும் ஒரு விபத்தில் அழிந்துபோனதே பெரிய குறை.

தமிழில் இதே உத்தியை 2015இல் ஆர். ரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’ அழகாகக் கையாண்டது. 2065ஆம் ஆண்டிலிருந்து வரும் காலஇயந்திரம் இரண்டு நண்பர்கள் கையில் சிக்குகிறது. அவர்கள் அதைக் கொண்டு தொடங்குவது, காணாமல் போன பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் தொழில். பொருள் தொலைந்த நேரத்துக்குப் போய், எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டு வந்து, ஜோதிடத்தில் தெரிந்ததுபோலச் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் ஒரு காலஇயந்திரம் கிடைத்தால் முதலில் இதுதான் நடக்கும் என்று எவரும் நம்புவார்கள். அந்த நம்பிக்கையை எந்த கிராபிக்ஸும் வாங்கித் தராது.

விதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

எழுதி என்றால் உண்மையாகவே ஒரு துண்டுத் தாளில். இந்தப் படங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு ஆடுகின்றன. அந்த விதியை நாம் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் பாதிச் சிரிப்பு கைநழுவிப் போகும்.

இதற்குச் சரியான பயிற்சி 2020இல் வந்த ‘பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்’. கியோட்டோவைச் சேர்ந்த யூரோப் கிகாகு என்ற நாடகக் குழு எடுத்தது. ஜுந்தா யமாகுச்சி இயக்கினார், மகோதோ உவேதா எழுதினார். ரிமோட் கதையின் மூல நாடகத்தை எழுதியவரும் இவரே. காபிக் கடை உரிமையாளர் ஒருவர் கடைக்கு மேலுள்ள தன் அறைக்குப் போகிறார். அங்கிருக்கும் கணினித் திரையில் அவரே தோன்றி, தான் இரண்டு நிமிடம் எதிர்காலத்தில் இருப்பதாகச் சொல்கிறார். விதி இவ்வளவுதான்: மாடியிலுள்ள திரை இரண்டு நிமிடம் முன்னே காட்டும், கீழே கடையிலுள்ள தொலைக்காட்சி இரண்டு நிமிடம் பின்னே காட்டும். அவர் படியிறங்கிக் கீழே வந்து, சற்றுமுன் கேட்ட அதே சொற்களைத் தொலைக்காட்சியில் தெரியும் பழைய தன்னிடம் ஒப்பிக்கிறார். பிறகு நண்பர்கள் கூடுகிறார்கள். இரண்டு திரைகளையும் எதிரெதிரே வைத்தால் கண்ணாடிக்குள் கண்ணாடி தெரிவதுபோல இன்னும் தூரத்து எதிர்காலமும் தெரியும் என்று கண்டுபிடிக்கிறார்கள். எதிர்காலத்தைப் பார்த்துவிட்ட குற்றத்துக்காக, பார்த்தபடியே நடந்து தீர வேண்டுமே என்று அவர்கள் படும் பதற்றம்தான் மீதிக் கதை.

எழுபது நிமிடம் ஓடும் இந்தப் படம் ஒரே ஷாட்டில் எடுத்ததுபோல அமைந்திருக்கிறது. அதை வெறும் வித்தையாக எண்ணிவிடக் கூடாது. நடுவே ஒரு வெட்டு விழுந்தால், இரண்டு நிமிடம் உண்மையிலேயே இரண்டு நிமிடம்தானா என்ற சந்தேகம் நமக்கு வந்துவிடும். வெட்டு இல்லாததால் கடிகாரம் ஏமாற்றவில்லை என்று மனம் ஒப்புக்கொள்கிறது; மாடிக்கும் கீழுக்கும் இடையிலுள்ள சாதாரணப் படிக்கட்டே காலப்பயணப் பாதையாகிவிடுகிறது. பார்க்கும்போது கைபேசியின் நிறுத்தக் கடிகாரத்தை ஓடவிட்டு ஒரு முறையாவது சரிபார்த்துக்கொள்ளலாம். வேறு எதற்கும் கைபேசியைத் தொட வேண்டாம்; வசனத்தை மொழிபெயர்ப்பு வரிகளில் படிக்கும் நமக்கு ஒரு வரி தவறினாலும் கணக்கு குழம்பிவிடும்.

பொருள்களை உற்றுப் பாருங்கள்

இரண்டாம் முறை பார்க்கும்போது கதையை விட்டுவிட்டுப் பொருள்களைப் பார்க்க வேண்டும். ‘டார்க் ஸ்டார்’ கலத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் வரிசையாக ஒளிரும் பொத்தான்கள், கீழே விளக்கு வைத்த ஐஸ் தட்டுகள். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஜான் கார்பெண்டர் தொடங்கிய படம் அது. மொத்தச் செலவு ஏறக்குறைய 60,000 டாலர் என்பார்கள். இயக்கிய அவரே இசையும் அமைத்தார். பின்பேக்காக நடித்த டான் ஓபானன் திரைக்கதையில் பங்கேற்று, படத்தொகுப்பும் செய்தார். பந்து உயிரி கலத்துக்குள் ஒளிந்து திரியும் அதே கருவை அச்சுறுத்தும் விதமாக மாற்றி, 1979இல் வெளியான ‘ஏலியன்’ படத்தை எழுதியவரும் அவர்தான்.

நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வார விடுமுறைகளில், ஏறத்தாழ நான்காண்டுகள் எடுத்து 1987இல் முடித்த ‘பேட் டேஸ்ட்’ இதைவிட வேடிக்கை. வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகள் அவருடைய அம்மாவின் சமையலறை அடுப்பில் வெந்தவை. மலைமுகட்டில் இரண்டு பேர் சண்டையிடும் காட்சி ஒன்று உண்டு. தாடி வைத்தவரும் தாடி இல்லாதவரும் ஒரே ஜாக்சன்தான். விண்மீன்களைக் கடந்து வந்தவர்கள் பூமியில் தேடுவது துரித உணவுக் கடைக்கு மனித இறைச்சி. ஆனால் ஒரு எச்சரிக்கை: இரத்தமும் குடலும் வாரி இறைக்கப்பட்ட படம் இது. குழந்தைகளோடும் சாப்பாட்டுத் தட்டோடும் உட்கார வேண்டாம்.

தெருக்கூத்தில் இருவர் பிடித்த ஒரு திரைக்குப் பின்னிருந்து அரசன் வெளிப்படுவதை ஏற்றுக்கொண்டு வளர்ந்த கண்ணுக்கு ஐஸ் தட்டை விண்கலமாக ஏற்பது பெரிய காரியமல்ல என்பது என் எண்ணம்.

எந்த வரிசையில், யாரோடு

‘இன்று நேற்று நாளை’யில் தொடங்குங்கள், பழகிய மொழியில் விதிகளைப் பின்தொடரக் கை வந்துவிடும். அடுத்து காபிக் கடை. ‘டார்க் ஸ்டார்’ மூன்றாவதாக இருக்கட்டும். 45 நிமிட மாணவர் படமாக இருந்ததைத் திரையரங்குக்காக நீட்டியது என்பதால் சில இடங்களில் தொய்வு உண்டு, பழக்கமில்லாதவர் அங்கே எழுந்துவிடுவார். ‘பேட் டேஸ்ட்’ விரும்பினால் மட்டும்.

தனியாகப் பார்ப்பதைவிட மூன்று நான்கு பேர் சேர்ந்து பார்ப்பது நல்லது. அந்தக் குழுவில், காலப்பயணத்தில் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடித்து வாதிடும் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ‘டார்க் ஸ்டார்’ முடிவில், வெடித்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் பேசும் குண்டிடம் ஒரு வீரர் விண்வெளியில் மிதந்தபடி, நீ இருக்கிறாய் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று தத்துவம் பேசுவார். குண்டு யோசிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டு, குண்டு என்ன முடிவுக்கு வரும் என்று அந்த நண்பரிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு மீண்டும் ஓடவிடுங்கள்.