நான்கு ரோட்டிலிருந்து அதியமான்கோட்டைக்கு எத்தனை நிமிடம்? புளூடூத்தில் அளக்கும் வழி

தர்மபுரி நான்கு ரோட்டில் தம்பியின் செல்போன் கடை, அதியமான்கோட்டையில் சித்தப்பாவின் டீக்கடை. இரண்டிலும் ஒரு ராஸ்பெரி பை (கையடக்கச் சிறு கணினி) வைத்திருக்கிறேன்.

முதலில் இரண்டின் கடிகாரத்தையும் இணைய நேரத்தோடு பொருத்துங்கள். அப்புறம் புளூடூத் தேடலை ஓடவிடுங்கள். ஒரு சுற்றுக்கு 10.24 நொடி. ஒவ்வொரு புளூடூத் கருவிக்கும் 48 பிட் முகவரி உண்டு. அதே முகவரி இரண்டு இடத்திலும் தென்பட்டால், இடைப்பட்ட நேரமே பயண நேரம்.

வைஃபை வேண்டாம். இன்றைய போன்கள் வைஃபை முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும். கார் ஆடியோவின் புளூடூத் முகவரி மாறாது.

நெரிசலில் நிற்கும் கார் ஆறேழு தடவை பதிவாகும். அலை மிக வலுவாக இருந்த நொடியை மட்டும் எடுங்கள். அப்போதுதான் வண்டி கடை வாசலில் இருக்கும். முகவரியை அப்படியே சேமிக்காதீர்கள். ரகசியச் சொல் சேர்த்து ஹாஷ் செய்து (அதாவது, திரும்ப முகவரியாக்க முடியாத குறியீடாக மாற்றி), அந்தச் சொல்லைத் தினமும் மாற்றுங்கள். யார் எங்கே போனார் என்பது நமக்கு வேண்டாத விஷயம்.

சரி, சராசரி எடுக்கலாமா? கூடாது. தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவர் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வருபவர் ஒருவர் போதும், கணக்கு கெட்டுவிடும். நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள்.