மொட்டமா வளைகுடா உள்ளான்கள்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கும்போது பர்மாவில் மழை விடத் தொடங்கும். அதே வாரங்களில் மொட்டமா வளைகுடாவின் சேற்றுப் பரப்பில் உள்ளான், கோட்டான் (ஆந்தை அல்ல, வளைமூக்குப் பறவை), மூக்கன் போன்ற கரையோரப் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். பழைய ஆட்கள் மார்த்தபான் வளைகுடா என்று சொல்வார்களே, அந்த இடம்தான். பெகு பிரதேசத்துக்கும் மோன் மாநிலத்துக்கும் இடையே சித்தாங் ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். பெகு, தட்டோன், மோல்மேன் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. கடலோரம் போய்வருகிறவர்கள் இந்தப் பறவைகளைப் பார்த்துத்தான் இருப்பார்கள். ஆனால் அவற்றைப் பற்றி நம்மிடையே புழங்கும் பல எண்ணங்கள் தவறானவை, சில எண்ணங்கள் அவற்றைக் கொல்லவும் செய்கின்றன.

முதல் தவறு, இவை வெளிநாட்டுப் பறவைகள், வந்த ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைப்பது. கரண்டிமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய முப்பது கிராம் எடை. மூக்கின் நுனி சின்னக் கரண்டி போல அகன்றிருக்கும், முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கே அந்த வடிவம் உண்டு. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் உள்ள சுகோத்கா கடற்கரையில் முட்டையிட்டு, சுமார் 8,000 கிலோமீட்டர் பறந்து நம் கரைக்கு வருகிறது. வடக்கில் அது தங்குவது கோடையின் இரண்டு மூன்று மாதங்கள்தான். ஐப்பசியிலிருந்து சித்திரைத் தண்ணீர்த் திருவிழாக் காலம் வரை இங்கே இருக்கிறது. உலகில் சில நூறு பறவைகளே மிஞ்சியிருக்கும் இந்த இனத்தில் பெரும் பங்கு குளிர்காலத்தைக் கழிப்பது மொட்டமாவில்தான். அப்படியானால் அதன் வாழ்வு நம் கையில் பாதி இருக்கிறது.

சும்மா கிடக்கிற சேறு என்று நினைப்பது

இந்த வளைகுடாவின் வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகும். அதனால் ஓதம் ஏறும்போது தண்ணீர் நெருக்கிக்கொண்டு சுவர் போல எழுந்து சித்தாங் ஆற்றுக்குள் பாயும். வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. கரையில் நின்று பார்க்கிறவருக்கு அங்கே ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தச் சேற்றின் மேல்தோலில் நுண்ணுயிர்ப் படலம், அதன் கீழே புழுக்கள், சிறு சிப்பிகள், நண்டுக் குஞ்சுகள், இறால் குஞ்சுகள் நிறைந்திருக்கின்றன. உள்ளான் தின்பதும் இதைத்தான், மீன் குஞ்சுகள் வளர்வதும் இதைத் தின்றுதான். நம் வீட்டுச் சமையலுக்கு வரும் மீனும், ஙப்பி என்ற புளித்த விழுதுக்கு இடிக்கும் இறாலும் இந்தச் சேற்றின் விளைச்சல்.

இரை தேடும் நேரம் பறவையின் விருப்பத்தில் இல்லை, கடலின் கையில் இருக்கிறது. தண்ணீர் வற்றினால் சாப்பாடு, ஏறினால் பட்டினி. ராத்திரியானாலும் வற்று வந்தால் எழுந்து தின்றாக வேண்டும். வடக்கே திரும்புவதற்கு முன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். நெடுந்தூரம் பறக்கும் கரையோரப் பறவைகளில் சில, புறப்படும் முன் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். பட்டைவால் மூக்கன் பறக்கும்போது தேவைப்படாத இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொண்டு கிளம்புகிறது. 2022இல் அந்த இனத்தின் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை எங்குமே இறங்காமல் 11 நாளில் கடந்தது. இப்படிப்பட்ட பயணத்துக்குச் சேர்க்கும் கொழுப்பு, சேற்றில் கிடைக்கும் அந்தச் சில மணி நேரத்தில் சேர்வது. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நேரத்தைத்தான் திருடுகின்றன.

இங்கே இல்லாவிட்டால் வேறிடம் போகும் என்பது

அணை கட்டுகிறவர்களும் கரையைத் தூர்க்கிறவர்களும் எப்போதும் சொல்கிற வாதம் இது. கேட்கச் சரியாகவும் தோன்றும், பறவைக்குச் சிறகு இருக்கிறதே! வடக்கே நடந்ததைப் பார்த்தால் இது எவ்வளவு பொய் என்று புரியும்.

நம் உள்ளான்கள் சுகோத்காவிலிருந்து ஒரே மூச்சில் வருவதில்லை. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே உள்ள மஞ்சள் கடலின் சேற்றில் இறங்கி, தின்று, இறகு உதிர்த்துப் புதுப்பித்துக்கொண்டு வருகின்றன. அந்தச் சேற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஐம்பது ஆண்டுகளுக்குள் போய்விட்டது. தொழிற்பேட்டை, துறைமுகம், மீன் பண்ணை என்று தூர்த்துவிட்டார்கள். தென்கொரியாவின் சேமங்கும் கழிமுகத்தில் 33 கிலோமீட்டர் கடற்சுவர் கட்டி 2006இல் வாயை அடைத்தார்கள். அங்கே பல்லாயிரக்கணக்கில் இறங்கிவந்த பெரிய உள்ளான்கள் பக்கத்துக் கழிமுகங்களில் ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கழிமுகங்களில் ஏற்கெனவே வேறு பறவைகள் தின்றுகொண்டிருந்தன. ஓர் இலையில் நாலு பேர் உட்கார்ந்தால் எத்தனை பேருக்கு வயிறு நிறையும்? அந்த இனம் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியக் கரையிலும் எண்ணிக்கை சரிந்தது.

அதனால் நம் கரையில் பறவை குறைந்தால் உடனே உள்ளூர் மீனவரைக் குற்றம் சொல்வதும், ஓர் ஆண்டு கூடுதலாகத் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று மகிழ்வதும் தவறு. வேறு இடம் அழிந்ததால் இங்கே நெருக்கியடித்துக்கொண்டு வந்திருக்கலாம். பல ஆண்டுக் கணக்கை, வழியில் உள்ள பிற நாடுகளின் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2018இல் சீன அரசு வணிக நோக்கில் கடலைத் தூர்ப்பதற்குத் தடை போட்டது. 2019இல் மஞ்சள் கடல் கரையின் பறவைப் புகலிடங்கள் உலக மரபுச் சின்னமாயின. நம் மொட்டமா 2017இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டு, பிறகு விரிவாக்கவும் பட்டது. பர்மாவின் முதல் ராம்சார் இடம் பெகு பக்கத்து மொயிங்ஜி ஏரி, 2004இல். ஆனால் பட்டியலில் பெயர் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதும் ஒரு தவறுதான். பலகை வைத்த இடத்திலும் வலை கட்டுகிறார்கள்.

வெற்றுச் சேற்றில் மரம் நடுவது

நல்ல மனதோடு செய்யப்படுவதால் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். நர்கிஸ் புயலுக்குப் பிறகு அலையாத்தி மரத்தின் அருமை பர்மாவில் எல்லோருக்கும் தெரியும். கோயில் குழு, இளைஞர் சங்கம் என்று யாராவது கன்று நடக் கிளம்பும்போது, இடத்தைப் பார்க்க வேண்டும். முன்பு அலையாத்தி இருந்து வெட்டப்பட்ட ஓடைக் கரையில் நட்டால் நன்மை. எப்போதும் திறந்த சேறாகவே இருந்த பரப்பில் நட்டால், பெரும்பாலான கன்றுகளை ஓதம் அடித்துக்கொண்டு போய்விடும். தப்பிப் பிழைத்து அடர்ந்தாலோ உள்ளான் அங்கே இறங்காது. சுற்றிலும் வெட்டவெளியாக இருந்தால்தான் வல்லூறு வருவது அதற்குத் தெரியும்.

சீனா இதை வேறொரு செடியால் அனுபவித்தது. கரை மண்ணைப் பிடித்து வைக்கும் என்று 1979இல் அமெரிக்காவிலிருந்து ஸ்பார்ட்டினா என்ற கோரைப்புல்லைக் கொண்டுவந்தார்கள். அது சேற்றுப் பரப்பெங்கும் பரவி, பறவைகளின் இரைநிலத்தை விழுங்கியது. 2022இல் அதை ஒழிக்கத் தனித் திட்டமே போட வேண்டியதாயிற்று.

ஓதம் ஏறிய நேரத்தில் கிட்டப் போவது

தண்ணீர் ஏறியதும் பறவைகள் ஒரு மணல் திட்டிலோ, உப்பளத்திலோ, வரப்பிலோ நெருங்கி நின்று ஓய்வெடுக்கும். ஆயிரக்கணக்கில் நிற்கும் அழகைப் பார்த்ததும் கிட்டப் போய்ப் படம் எடுக்கத் தோன்றும். அப்புறம் கூட்டம் எழுந்து சுழலும் வீடியோ வேண்டும் என்று கல் எறிகிறார்கள், டிரோன் விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்த கொழுப்பு கரைகிறது. பங்குனியில், புறப்படுவதற்குச் சற்று முன்னால், இது மிகக் கொடியது. ஓய்விடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சீனாவின் தியாவ்சினி நல்ல சாட்சி. அங்கே 2020இல் 48 ஹெக்டேர் மீன் பண்ணைக் குளங்களை, ஓத நேரத்தில் பறவைகள் நிற்பதற்கென்றே மேடாக்கிக் கொடுத்தார்கள். பறவைகளும் வந்து நிற்கின்றன.

தூரத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். ஒரு பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலே பின்வாங்குங்கள். நாயைக் கட்டிப் போடுங்கள். உள்ளூர்ப் படகுக்காரர் இல்லாமல் சேற்றில் இறங்கவே இறங்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் வரும் வேகத்துக்கு யாரும் ஓட முடியாது.

ரங்கூன் பொத்தத்தாங் துறையில் கடற்காகங்களுக்கு வடையும் பொரித்த மாவும் எறிவது தனி விஷயம். அவையும் வடக்கே உயர்ந்த பீடபூமி ஏரிகளிலிருந்து வருகிறவைதான். மீன் தின்னும் பறவைக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாது. எறிந்தே தீர வேண்டும் என்றால் சின்ன மீன் எறியுங்கள், பிளாஸ்டிக் பையைத் தண்ணீரில் விடாதீர்கள்.

வேட்டைக்காரரைப் பகைப்பது

2010 வாக்கில் ஆய்வாளர்கள் மொட்டமாவுக்கு வந்தபோது கண்ட பெரிய ஆபத்து வலைதான். பெரிய பறவைகளுக்காகக் கட்டிய மெல்லிய வலையில் கரண்டிமூக்கு உள்ளானும் சேர்ந்து மாட்டியது. கட்டியவர்கள் நிலமும் படகும் இல்லாத ஏழைகள். அவர்களோடு உட்கார்ந்து பேசி, மீன் வலை, படகு, கால்நடை என்று வேறு பிழைப்புக்கு உதவியபோது பலர் விட்டுவிட்டார்கள். போலீஸ் மிரட்டலால் மட்டும் இது நடந்திருக்காது. நாம் செய்யக்கூடியது எளிது. சந்தையில் உள்ளான் இறைச்சி வாங்காமல் இருக்கலாம். வலையைக் கரையில் விரித்தபடி இரவில் விட்டுவிட்டுப் போகாமல் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. பறவையின் காலில் நிற வளையமோ, எழுத்துப் பொறித்த சின்னக் கொடியோ இருந்தால் அதைக் கழற்றி வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த நாட்டில் மாட்டினார்கள் என்பதை நிறமும் அது இருக்கும் இடமும் சொல்லும், எந்தப் பறவை என்பதை எழுத்து சொல்லும். உயிரோடு இருந்தால் தூரத்திலிருந்தே படம் எடுங்கள். செத்துக் கிடந்தால் வளையத்தோடு படம் எடுத்து, இடம், தேதி, எந்தக் காலில் எந்த நிறம் மேலே, எது கீழே என்று எழுதி, பறவை கணக்கெடுப்பவர்களிடம் கொடுங்கள். கரண்டி மூக்கு பக்கவாட்டில் பார்த்தால் சாதாரண கொசு உள்ளான் மூக்கு போலவே தெரியும், சேறு ஒட்டிய கொசு உள்ளான் மூக்கும் கரண்டி போலத் தெரியும். எனவே பெயரில் சந்தேகம் இருந்தாலும் பரவாயில்லை, நேர் எதிரே எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.