தனி ஜெபமும் வேத வாசிப்பும்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

கொழும்பில் இருக்கும் கிறிஸ்தவருக்குக் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் கால் வைக்க இடமிருக்காது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், நடுவில் ஒரு வீட்டுக் கூட்டம், ஞாயிறு தமிழ் ஆராதனை, அது முடிந்தால் பாடகர் குழு ஒத்திகை. இத்தனைக்கும் ஓடித்திரியும் ஒருவரிடம் "தனியாக உட்கார்ந்து ஜெபிக்கிறனீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சிரிப்பு வரும், அப்புறம் "நேரம் எங்க அண்ணை?" என்ற பதில் வரும்.

நேரமில்லை என்பது பாதி உண்மைதான். ஒருநாளும் முயற்சி செய்யாதவர்களை விட, நாலைந்து தரம் தொடங்கி விட்டுவிட்டவர்கள்தான் சபைகளில் அதிகம் என்பது என் எண்ணம். அவர்கள் விட்டதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. தொடங்கிய விதமே நீடிக்க முடியாத விதமாக இருந்திருக்கும்.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு தனி ஜெபத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் குறிப்பிடுவது, தெருச் சந்திகளில் நின்று பிறர் பார்க்க ஜெபிப்பவர்களை. அதன் பிறகுதான் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொல்கிறார். தனி ஜெபத்தின் பெறுமதி அந்தப் பூட்டிய கதவில்தான் இருக்கிறது. அங்கே ஆமென் சொல்ல ஆளில்லை. குரலை உயர்த்தத் தேவையில்லை, நல்லவராகத் தெரியவும் தேவையில்லை. மனைவியிடமும் போதகரிடமும் சொல்ல முடியாததைச் சொல்லலாம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை, பூட்டிய கதவுக்குள் மறுபடியும் ஒரு பார்வையாளரையோ ஒரு மதிப்பெண் பட்டியலையோ கூட்டிக்கொண்டு வருவதால் வருபவை.

முதலாவது, ஜனவரி 1ஆம் தேதி எடுக்கும் பெரிய தீர்மானம். வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து வரும்போதே "இந்த வருஷம் முழு வேதாகமத்தையும் வாசித்து முடிப்பேன்" என்று பொருத்தனை பண்ணிவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். 66 புத்தகங்கள் கொண்ட வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்றேகால் அதிகாரம். ஆதியாகமம் 50, கதைபோல ஓடிவிடும். யாத்திராகமம் 40, செங்கடல் தாண்டும்வரை விறுவிறுப்பு, பிறகு ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள். ஜனவரி 28ஆம் தேதிபோல லேவியராகமம் தொடங்கும். பெப்ரவரி 4, சுதந்திர தின விடுமுறையில், முன்பின் வாசித்துப் பழகாத ஒருவர் பலிகள், தோல் நோய்கள், தீட்டுச் சட்டங்கள் எல்லாவற்றையும் தாண்டி லேவியராகமத்தின் கடைசி அதிகாரங்களில் நிற்க வேண்டும். பெரும்பாலானோர் அங்கே நிற்பதில்லை. அதற்கு முன்பே இறங்கிவிட்டிருப்பார்கள்.

லேவியராகமத்தைக் குறை சொல்லவில்லை. பிறனிடத்தில் அன்புகூரச் சொல்லும் கட்டளை இருப்பதே அதன் 19ஆம் அதிகாரத்தில்தான். ஆனால் தொடங்குகிறவருக்கு மாற்கு நல்லது. மொத்தமே 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். கூடவே ஒரு சங்கீதம். 150 சங்கீதங்களும் ஐந்து மாதத்தில் ஒரு சுற்று வரும். 119ஆம் சங்கீதத்துக்கு 176 வசனம் இருக்கிறது, அதை மட்டும் பிரித்து வாசியுங்கள். கத்தோலிக்கர் என்றால் இன்னும் எளிது. அன்றன்றைய திருப்பலி வாசகங்களையே வீட்டில் வாசிக்கலாம். ஞாயிறுக்கு மூன்று வருஷச் சுற்று, வாரநாட்களுக்கு இரண்டு வருஷச் சுற்று என்று ஏற்கனவே ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது, தெரிவு செய்யும் வேலை மிச்சம்.

இரண்டாவது தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும் விட மோசமானது அதுதான்: வேதாகமத்தை லொத்தர் சீட்டுப்போலப் பாவிப்பது. கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தை "இது இன்றைக்கு எனக்கு" என்று எடுப்பது. வருஷப் பிறப்புக்குத் தட்டில் இருந்து எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, காலை ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூப் படத்தோடு வரும் வசனம், எல்லாம் ஒரே வழிதான். அட்டை எடுப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. வருஷம் முழுவதும் அந்த ஒரு வரியோடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை.

அட்டைகளில் அடிக்கடி வரும் ஒன்றை எடுப்போம். எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." விசாவுக்கு விண்ணப்பித்தவர், உயர்தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை, கல்யாணப் பேச்சு நடக்கும் வீடு, எல்லாருக்கும் பொருந்துவதுபோல இருக்கும். இப்போது முந்திய அதிகாரத்தில் இருந்து வாசித்துக்கொண்டு வாருங்கள். கி.மு. 597இல் எருசலேமில் இருந்து பாபிலோனுக்கு ஒரு கூட்டம் மக்கள் சிறைப்பட்டுப் போயிருக்கிறார்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கோவிலில் நின்று சொல்கிறான். கேட்க எவ்வளவு இனிமை! எரேமியாவோ அவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: இரண்டு வருஷமல்ல, எழுபது. ஆகவே அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறையாகக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். இதெல்லாம் சொன்ன பிறகுதான் 11ஆம் வசனம் வருகிறது. கடிதம் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள்.

அவசர ஆறுதலை மறுத்துச் சொன்ன ஒரு வசனத்தை நாம் அவசர ஆறுதலாகவே அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறோம். யாழ்ப்பாணத்தில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் இடம்பெயர்ந்து வந்து, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் "கொஞ்ச நாளைக்கு" என்று வாடகைக்கு வீடு எடுத்து, முப்பது வருஷம் அங்கேயே இருந்துவிட்டவர்கள் நம் சபைகளில் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்த முழு அதிகாரமும் சொல்லக்கூடியதில் பத்தில் ஒரு பங்கைக்கூட அட்டை சொல்லாது. பிள்ளைகளின் மேசையில் ஒட்டியிருக்கும் பிலிப்பியர் 4:13க்கும் இதே கதிதான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் எழுதியது காவலில் இருந்துகொண்டு. ஒரு வசனம் முன்னே போனால் அவர் பேசுவது பசியாயிருக்கவும் குறைவுபடவும் பழகிக்கொண்டதைப் பற்றி. பரீட்சையில் ஒன்பது ஏ எடுப்பதைப் பற்றியல்ல.

ஆகவே ஒரு புத்தகத்தை எடுத்தால் முதலில் இருந்து முடிவு வரை வரிசையாக வாசியுங்கள். ஒரு நாளைக்குப் பத்து வசனம் என்றாலும் சரி. நேற்று எங்கே விட்டோமோ அங்கே இருந்து.

நேரத்துக்கு வருவோம். "அதிகாலை நாலு மணிக்கு எழும்பாதவன் ஜெபிக்கிறவனே அல்ல" என்ற மாதிரி ஒரு பேச்சு தொலைக்காட்சிப் பிரசங்கங்களில் இருந்து இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. இயேசு இருட்டோடே எழுந்து போனார் என்று மாற்கு 1:35 சொல்கிறது, உண்மை. அதே இயேசு இராமுழுவதும் ஜெபித்தார் என்று லூக்கா 6:12 சொல்கிறது, சாயங்காலம் மலையில் தனித்திருந்தார் என்று மத்தேயு 14:23 சொல்கிறது. ஈசாக்கு தியானம் பண்ண வெளியே போனது சாயங்கால வேளையில். பேதுரு மேல்வீட்டில் ஏறியது நண்பகலில். தானியேலுக்கு நாளுக்கு மூன்று வேளை. வேதாகமமே ஒரு மணிக்கூட்டைப் பிடித்து வைக்கவில்லை. இரவு வேலை முடித்துக் காலையில் வீடு வரும் ஒரு தாதியை நாலு மணிக்கு எழும்பச் சொல்வதில் என்ன நியாயம்?

கொழும்புக் காலைகளின் நிலைமையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆறு மணிக்குப் பிறகு பாண் த்ரீவீலின் பாட்டு, ஸ்கூல் வேனின் ஹோர்ன், ஒரு சப்பாத்து காணவில்லை, குளியலறைக்கு வெளியே வரிசை. வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி இந்தப் போரில் சேருவதே இல்லை. ஏழரைக்குப் பிள்ளைகளும் அங்கிளும் போனதும், பாத்திரம் கழுவப் போகுமுன், சமையலறை ஸ்டூலில் உட்காருவா. பிளேன்டீ பக்கத்தில், கறுப்பு மட்டை வேதாகமம் மடியில், கண்ணாடி மூக்கின் நுனியில், வாசிக்கும்போது உதடு அசையும். போன் அந்த நேரம் படுக்கையறையில் சார்ஜில் கிடக்கும். இருபது நிமிஷம்தான். யாராவது மணியடித்தால் எழும்பிப் போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் இருந்து தொடருவா. பெரிய ஆவிக்குரிய காட்சி ஒன்றும் கிடையாது. ஆனால் வருஷக்கணக்காக நடக்கிறது.

தனி அறை இல்லை என்ற குறை இங்கே பலருக்கு உண்டு. இரண்டு அறை அனெக்ஸில் ஆறு பேர் இருந்தால் எந்தக் கதவைப் பூட்டுவது? ஜோன் வெஸ்லியின் தாய் சுசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றவர். தலையை ஏப்ரனால் மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அம்மா ஜெபிக்கிறா, தொந்தரவு செய்யக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அந்த மகன் தொடங்கிய மெதடிஸ்த இயக்கம் 1814இல் இலங்கைக்கு வந்தது. மொட்டை மாடி, படிக்கட்டு, காலிமுகத்திடலில் ஆள் குறைந்த நேரம், வழியில் திறந்திருக்கும் ஒரு கோவிலின் பின் வாங்கு, எல்லாம் அறைதான். பாணந்துறையில் இருந்து கோட்டைக்குப் போகும் ரயிலிலும் சிலர் வாசிக்கிறார்கள். வாசிப்புக்கு அது போதும். ஜெபத்துக்கு, நெரிசலில் காலை மிதித்தவரை முதலில் மன்னிக்க வேண்டியிருக்கும்.

ஜெபிக்கும்போது நடக்கும் தவறு வேறு மாதிரி. தேவைகளை வரிசையாக ஒப்புவித்துவிட்டு எழும்பிவிடுவது. கடைக்காரரிடம் சாமான் துண்டைக் கொடுப்பதுபோல. வாசிப்பையும் ஜெபத்தையும் இரண்டு தனி வேலையாக வைத்திருப்பதால்தான் இப்படி ஆகிறது. வாசித்ததில் இருந்தே ஜெபத்தைத் தொடங்கிப் பாருங்கள். 13ஆம் சங்கீதத்தில் "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று தாவீது கேட்கிறான். நீங்களும் அதையே கேளுங்கள், உங்கள் வீட்டுக் காரியத்தின் பெயரைச் சொல்லி. மேற்கத்தியத் துறவு மடங்களில் இது பழைய பழக்கம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி அதை வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், அமைந்திருத்தல் என்று நாலு படியாக எழுதி வைத்தார். கடைசிப் படிதான் நமக்குக் கஷ்டம். இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தால் கை போனைத் தேடும்.

மனம் வறண்டு கிடக்கும் நாட்கள் வரும். "ஒன்றும் உணரவில்லை, அதனால் ஜெபம் பலிக்கவில்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் ஒரு ஆறுதலும் சொல்லாமலே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதாகமத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

விட்டுப்போன நாட்களை வட்டியோடு கட்டப் பார்ப்பது இன்னொரு வீண் வேலை. நாலு நாள் தவறினால் பதின்மூன்று அதிகாரம் சேர்ந்துவிடும், ஐந்தாம் நாள் அட்டவணையைப் பார்க்கவே பயம் வரும். தவறிய நாட்களுக்கு அடையாளம் போடாமலே விட்டுவிட்டு இன்றைய பகுதியில் இருந்து தொடருங்கள். இதோடு ஒட்டிய ஒரு பயமும் இருக்கிறது, அது கொஞ்சம் ஆபத்தானது. "காலையில் ஜெபிக்காமல் போனேன், அதுதான் பஸ்ஸில் பர்ஸ் போனது" என்கிற கணக்கு. அப்படிக் கணக்குப் பார்க்கிறவர் கடவுளைப் பிதாவாக அல்ல, தண்டப்பணம் எழுதும் பொலிஸ்காரராகத்தான் நினைத்திருக்கிறார். பர்ஸ் போனது 100ஆம் இலக்க பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்பதால்.

கடைசியாக, பாஷை. 1759இலேயே கொழும்பில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகியிருக்கிறது. இன்று நம் வீடுகளில் பெற்றோருக்குப் பழைய மொழிபெயர்ப்பின் "கர்த்தாவே, தேவரீர்" நடை வாயில் ஊறியது, இங்கிலிஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்கு அது பாதி விளங்காது. விளங்காததை வாசித்துத் தலையாட்டுவதைப் பக்தி என்று நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைக்கு எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையோ இங்கிலிஷ் வேதாகமத்தையோ கொடுங்கள், தமிழ்ப் பழையதைச் சத்தமாகச் சேர்ந்து வாசியுங்கள், இரண்டும் ஓடட்டும். ஜெபத்துக்கோ, கோபம் வரும்போது எந்தப் பாஷையில் பேசுவீர்களோ அந்தப் பாஷையே போதும். தமிழில் தொடங்கி நடுவில் இங்கிலிஷ் கலந்து ஒரு சிங்களச் சொல்லோடு முடிந்தாலும் பரவாயில்லை.

பிள்ளையிடம் சாப்பாட்டு மேசையில் "இண்டைக்கு வேதம் வாசிச்சனியா?" என்று தினமும் கேட்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஓம் என்று சொல்லப் பழகிவிடும், அவ்வளவுதான். நீங்கள் வாசித்ததில் விளங்காத ஒன்றை அதனிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லவாவது புத்தகத்தைத் திறக்கும்.