பழைய காரில் மைலேஜ் இறங்கினால் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள்

என்னுடையது 2007 மாடல் பெட்ரோல் கார். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது 10-க்கு வந்துவிட்டது. பிளக், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் கிளீனிங், கடைசியில் ஆக்சிஜன் சென்சார் என்று வரிசையாகச் செலவு செய்தும் முன்னேற்றமில்லை. நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒழுங்காக அளந்து பாருங்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் முதல்முறை 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும். ரூபாயை ரவுண்டாக்க மேலும் ஊற்றினால் கணக்கு கெடும். மூன்று தடவையாவது இப்படி நிரப்பிச் சராசரி எடுங்கள்.

அடுத்து டயர் காற்று. அப்புறம் பத்து கிலோமீட்டர், அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள் (தொட வேண்டாம்). ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் ஜாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் டெம்பரேச்சர் முள். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் என் முள் வழக்கம்போல நடுவில் நிற்கும். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறியதும் மெல்லக் கீழே சாயும். 'பெங்களூர் குளிர்க் காற்று, எஞ்சினுக்கு நல்லதுதானே' என்று சந்தோஷப்பட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். முள் சாய்ந்தால் எஞ்சின் தேவையான சூட்டில் இல்லை என்று பொருள். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதலாகப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய கார்களில் இதற்கு எச்சரிக்கை விளக்குகூட எரியாமல் போகலாம்.

சோதிப்பது எளிது. காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். கை ஃபேன் பக்கம் போக வேண்டாம். பெரும்பாலான கார்களில் அந்த ஹோஸ் சில நிமிடம் ஜில்லென்று இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் வால்வு (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைப்பது) திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

என் காரில் வால்வே இல்லை. எஞ்சின் ஆறியதும் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினால் உள்ளே காலி! ஐந்து மாதம் முன்பு ஒருநாள் எஞ்சின் சூடேறியபோது ஒரு மெக்கானிக், 'இனிமேல் சூடே ஆகாது சார்' என்று காரைத் திருப்பிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. வால்வையே எடுத்துவிட்டிருக்கிறார்.

பெங்களூர் ஜேசி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் புது வால்வு வாங்கும்போது வால்வில் பொறித்திருக்கும் டிகிரி உங்கள் காருக்கு உரியதுதானா என்று பாருங்கள். வாங்கியதை வெந்நீரில் போட்டுச் சோதியுங்கள். அந்தச் சூட்டை நெருங்கும்போது திறக்க வேண்டும். வால்வு நெட்டுக்குத்தாக உட்காரும் காரென்றால் அதிலுள்ள குட்டி ஆடும் பின் மேல்பக்கம் இருக்கட்டும். நான் தலைகீழாக மாட்டி, உள்ளே காற்று அடைத்து, மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். கேஸ்கட்டும் புதிதாகவே போடுங்கள்.

கருவி என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்பி ரோட்டில் ஒரு மல்டிமீட்டர் (மின் அளவுகளைப் பார்க்கும் கருவி) போதும். புளூடூத் ஸ்கேனர் வாங்காதீர்கள். இந்தியாவில் ஓபிடி (கார் தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் வசதி) கட்டாயமாகத் தொடங்கியதே 2010-லிருந்துதான், பழைய கார்கள் பலவற்றில் அது பேசவே பேசாது.

பின்சேர்க்கை: முள் சரியாக நின்றும் மைலேஜ் வரவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். சில கார்களில் முள்ளுக்கு ஒற்றை வயர் டெம்பரேச்சர் சென்சார், ஈசியுவுக்குத் தனியாக இரண்டு வயர் சென்சார். இரண்டு வயர் உள்ளதன் வயர் இணைப்பைக் கழற்றி, சென்சாரின் இரு முனைகளுக்கு இடையே மின்தடையை மல்டிமீட்டரில் அளக்கவும். பல கார்களில் காலைக் குளிரில் 2 முதல் 3 கிலோ ஓம் காட்டும், நன்றாகச் சூடானதும் சில நூறு ஓமுக்கு இறங்கும். சூடான பிறகும் இறங்காவிட்டால் சென்சாரை மாற்றுங்கள். கேட்டவர்களில் ஒருவருக்கு அதுதான் கோளாறு.