வேலை போனதும் டிரெய்னிங் சேரப் போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

சேலத்துல தறி நின்னாலும் கொலுசு பட்டறை மூடினாலும், ஏற்காட்டுல எஸ்டேட் வேலை கொறஞ்சாலும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "ஏதாவது கோர்ஸ் போய் கத்துக்கப்பா". சொல்லிட்டு போயிடுவாங்க, மூணு மாசம் கோர்ஸ் போனா அந்த மூணு மாசம் வீட்டுல அடுப்பு எப்படி எரியும்னு யாரும் கேக்க மாட்டாங்க. நெறய பேர் பாதியில நிக்கறதே அதனாலதான்.

அந்த மூணு மாசத்த ஓட்ட வேண்டிய காசு நம்ம கைய விட்டு போறது கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடியே. மில்லுல ஆள் கொறைக்கறப்ப "ராஜினாமான்னு எழுதி குடு, கணக்கு முடிச்சு தர்றேன்"னுவாங்க, நம்மாளும் படிக்காம கையெழுத்து போட்டுட்டு வந்துடுவாரு. போச்சு! ஆட்குறைப்புன்னு இருந்தா, ஒரு வருஷம் தாண்டுனவங்களுக்கு ஒரு மாச நோட்டீஸ் இல்லாட்டி அந்த மாச சம்பளம், சர்வீஸ்ல வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடு. இதுபோக 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புது தொழிலாளர் சட்டத்துல இன்னொண்ணு இருக்கு, முதலாளி தனியா 15 நாள் சம்பளம் நிதியில கட்டணும், அது 45 நாளுக்குள்ள உங்க அக்கவுண்டுக்கு வந்துடணும். வேற தொழில் கத்துக்கறதுக்குன்னே வச்ச காசு. நீங்களா விட்டதா எழுதி குடுத்துட்டா இதெல்லாம் எந்த வாயில போய் கேப்பீங்க? (பி.எஃப். வேற கணக்கு, அது ராஜினாமா பண்ணாலும் வரும்.)

சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) புடிச்சிருந்தா, வேலை போனவங்களுக்குன்னு அதுல இருக்கற அடல் திட்டத்துல 90 நாள் வரைக்கும் சராசரி தினக்கூலியில பாதி கெடைக்கும், ஆனா அங்கயும் தானா வேலைய விட்டவங்களுக்கு இல்ல. அப்பப்ப நீட்டிக்கிற திட்டம், அதனால இப்ப ஓடுதான்னு ஆபீஸ்ல கேட்டுக்கங்க. ஈ.எஸ்.ஐ. நம்பரே இல்லாத தறிக்காரங்கதான் நம்மூர்ல ஜாஸ்தி, அதுக்கு எந்த கோர்ஸும் மருந்தில்ல.

அடுத்து, காசு கேக்கற ஏஜென்ட். கவர்மென்ட் ஸ்கில் கோர்ஸுக்கு, பேங்க் நடத்துற ஆர்செட்டிக்கெல்லாம் (சுயதொழில் பயிற்சி மையம்) ஃபீஸ் கெடையாது. அட்மிஷன் வாங்கித் தர்றேன்னு ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க. ஆர்செட்டி சொந்தமா தொழில் வைக்கறவங்களுக்கு, வேலை வாங்கித் தருவாங்கன்னு நம்பி போகாதீங்க.

இருபது வருஷம் தறி ஓட்டுனவரு பசங்களோட ஒக்காந்து ஆரம்ப பாடம் கேக்கறதும் வீண். தெரிஞ்ச வேலைய சோதிச்சு சர்ட்டிஃபிகேட் தர்ற ஆர்.பி.எல்.னு ஒரு வழி இருக்கு, உங்க தொழிலுக்கு அது இருக்கான்னு முதல்ல விசாரிங்க.

ஏற்காடு மலைக்காரங்க இன்னொண்ணும் பாக்கணும். டவுன்ல கோர்ஸ்னா தெனமும் இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கி ஏறணும், பஸ் காசும் கூலியும் சேத்து கணக்கு போட்டா தங்கற எடம் சாப்பாடு தர்ற கோர்ஸ்தான் கட்டும்ங்க.